தொகட்டைக் கண்டார்

என்னை இரண்டாம் வேற்றுமையில்தான் கண்டெடுத்தார்கள். ஒரு குளக்கரைக் கல்வெட்டில் "தொகட்டைக் கண்டார்" என்று இருந்தது. அதற்கு மேல் கல் உடைந்துவிட்டது. வேறெங்கும் என் பெயர் கிடையாது.

எழுவாய் வடிவம் இல்லாதவனுக்கு எதையும் செய்ய வராது. செய்யப்படத்தான் வரும். காலையில் தொகட்டை எழுப்புவார்கள். தொகட்டைக் குளிப்பாட்டுவார்கள். எனக்குப் பசிக்கும். அது நான்காம் வேற்றுமை, ஆட்சேபம் இல்லை.

என் மனைவி செண்பகவல்லிக்குத்தான் கஷ்டம். தெருவில் மற்ற பெண்களுக்கு "ஏங்க" போதும். இவளுக்குப் புருஷனைப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட ஆசை. இரண்டாம் வேற்றுமையைக் கூப்பிட முடியாது. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரும்.

ஆகவே அவள் என்னை அகராதி அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வாசல் "அ"வில் இருந்தது. "தொ"வுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. பெஞ்சில் பன்மையில் மட்டும் கிடைத்த ஒரு பெரியவர் காத்திருந்தார். அவர் இருமினால் இரண்டு பேர் இருமினார்கள்.

பதிப்பாசிரியை ஆவுடையம்மாள் என்னைத் தட்டிப் பார்த்தார்.

"காட்டைன்னா காடு. பாட்டைன்னா பாட்டு. மூட்டைன்னா மூட்டையேதான். இவுக எந்த வகை?"

"மூட்டை இல்லம்மா," என்றாள் செண்பகவல்லி. "கல்லுல 'க்' இருக்கு, ரெண்டாம் வேற்றுமைதான்."

"தூக்கிட்டுத்தான வந்திய?"

செண்பகவல்லி என்னைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"சரி. வீட்டுல பாடுவாகளா?"

"பாட வைக்கலாம்."

"அப்ப பாட்டு இல்ல. காடு. தொகடு."

என்னிடமிருந்து ஒரு "ட்"டையும் ஓர் "ஐ"யையும் கத்தரித்து மேசை இழுப்பறையில் போட்டார். வலிக்கவில்லை. இடுப்புப் பக்கம் கொஞ்சம் காற்றாடியது. பிறகு என் நெற்றியில் ஒரு நட்சத்திரக் குறியை ஒட்டினார்.

"இது எதுக்கும்மா?"

"இந்த வடிவத்த யாரும் பாத்ததில்ல. நாமளா ஊகிச்சது. இருக்காகளான்னு கேட்டா, இருந்திருக்கலாம்னு சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்லப்படாது."

பழக்கதோஷத்தில் செண்பகவல்லி என்னைத் தூக்கிக்கொண்டே வீடு திரும்பினாள். வாசலில் இறக்கிவிட்டு உள்ளே போனாள். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அவள் தொண்டையைச் செருமினாள்.

"தொகடு, சாப்பிட வாங்க."

நான் வந்தேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியளா?"

நெற்றியில் நட்சத்திரம் குறுகுறுத்தது.

"வந்திருக்கலாம்," என்றேன்.

அவள் குழம்பை ஊற்றினாள். சோறு சூடாக இருந்தது.