தெய்வசிகாமணியின் பாடு

எல்லையம்மன் கோயில் வாசலில் ஊர்த் தலைவர் தருமலிங்கம் இருந்தார். சீட்டுக் குலுக்கும் குடத்தோடு பூசாரி இருந்தார். வாயாடி ஏகாம்பரம் இருந்தான். ஏரியில் இறால் வலை கட்டப் பாடு, அதாவது முறை, உள்ள ஆண்கள் எல்லோரும் இருந்தார்கள். தெய்வசிகாமணி மட்டும் இல்லை. அவருக்குப் பதிலாக மகன் பிரவீன் நின்றான்.

பசியாவரத்து ஊர் வழக்கப்படி, பாடுள்ளவன் குடிக்காமல் வந்து, வலை கட்டும் இடத்துக்குத் தன் கையால் சீட்டெடுக்க வேண்டும். நோயில் கிடந்தால் மட்டும் மகன் எடுக்கலாம்.

"உங்கப்பன் எங்கடா?" என்றார் தலைவர்.

"காய்ச்சல்."

கூட்டம் சிரித்தது. "இன்னா காய்ச்சல்டா, கோட்டரா ஆஃபா?" என்றான் ஏகாம்பரம்.

பள்ளிக்கூடத்தில், கல்யாண வீடுகளில், பெண் கொடுக்க வந்தவர்களிடம், எங்கேயும் அப்பனுக்காகப் பிரவீன் சொன்ன சொல் காய்ச்சல் என்ற அது ஒன்றுதான். சின்ன வயதில் தினமும் குனிந்து அப்பனின் வாயை முகர்ந்து அம்மாவிடம் சொல்வது அவன் வேலை. வளர்ந்த பிறகும் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் மூக்குதான் முதலில் விழித்துக்கொண்டது. நைனா குடியை விட்டு இரண்டு மாதம். எப்போது மறுபடி ஆரம்பிப்பார் என்று காத்திருந்தே அவனுக்குத் தெம்பு தீர்ந்திருந்தது. இன்று காலை பாயில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும், சரி, ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தான். குனியவில்லை.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "மூடி மூடி வெச்சி இன்னாத்தடா கண்ட? குடிச்சிட்டுக் கெடக்கான்னு உன் வாயால சொல்லு. பாட்ட உன் பேருக்கே மாத்திடலாம். அவன் பேரு இனிமே கூட்டத்துல வராது."

"குடிச்சிட்டுதான் கெடக்காரு."

சொன்னதும் உடம்பு லேசானது. அதுவே பயமாக இருந்தது. சீட்டெடுத்தான். முகத்துவாரத்தை ஒட்டிய இடம். எல்லோரும் ஆசைப்பட்ட இடம்.

வீட்டில் அம்மா சாந்தி, புருஷன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். "நெருப்பா கொதிக்குதுடா. தொட்டுப் பாரு."

தொட்டான். பிறகு குனிந்தான். வேர்வை வாடை, கஞ்சி வாடை. வேறெதுவும் இல்லை.

தெய்வசிகாமணி கண் திறந்தார். "எந்த எடம் உளுந்துச்சு?"

"மொகத்துவாரம், நைனா."

முகம் ஒரு கணம் மலர்ந்தது. "எம்பேர்லதான?"

பொய் சொல்லியிருக்கலாம். வாழ்நாள் முழுக்கச் சொன்னவன்தான். வாய் வரவில்லை.

"எம்பேர்ல. நீ குடிச்சிருக்கன்னு நெனச்சி... சொல்லிட்டேன்."

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். சட்டையை மாட்டினார். பொத்தான்கள் தப்புத் தப்பாக விழுந்தன.

"இந்த ஒடம்போட எங்க போற?" என்றாள் சாந்தி.

"ஊரு முன்னாடி புள்ள சொல்லிட்டான். அவன் சொல்லு பொய்யாவக் கூடாது."

வெயிலில் இறங்கி, அக்கரை மதுக்கடைக்குப் படகேறும் தோணித்துறைப் பக்கம் நடந்தார். பிரவீன் பின்னாலேயே வாசலுக்கு ஓடினான். சாந்தி அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "நீ போயி மறிச்சா உன் சொல்லும் பொய்யாவும், பாடும் போவும்" என்றாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டு, அதில் பூட்டையும் மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.