அண்ணிக்குப் பொருத்தமான வேலை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. நான் இணையத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். (எழுத்தாளன் என்றால் சும்மாவா என்கிறீர்களா? சும்மாதான்.) வேலைவாய்ப்புத் தளம் ஒன்று ஒரு கட்டத்தைக் காட்டி, 'உங்களைப் பற்றி எழுதுங்கள்' என்றது. என்னைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்குக் கை ஓடாது. அதனால், 'ஓர் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் பல வருஷம் இருந்தேன்' என்று தட்டிவிட்டேன். சுத்தப் பொய். ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே தலை சுற்றுகிற ஆள் நான். ஆனால் அந்த வரியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. நமக்கு வேலை கிடைக்காவிட்டால் போகிறது, இவளுக்காவது வாங்கித் தருவோம் என்று தளத்தை மூடிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: 'அந்தி மயங்கும் வேளையில் ஜன்னலோரம் நின்றபடி அவள் தன் —'

வேண்டாம். அவள் ஜன்னலோரம் நிற்கிற ரகம் இல்லை.

இரண்டாவது: 'வேலையின்மை என்பது நவீன வாழ்வின் —'

ஐயோ சாமி, ஆளை விடுங்கள்.

மூன்றாவது இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. அதன் முன்னால் அவளும் அவள் நாத்தனாரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக. நாத்தனார் வாய் ஓயாமல் 'அண்ணி, அண்ணி' என்றதில் எனக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆஸ்பத்திரியில் அண்ணியின் மேசையைத் தூக்கிவிட்டு, பட்டனை அழுத்தினால் சீட்டைத் துப்புகிற ஒரு மெஷினை வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் வீட்டில் இருக்கிறாள்.

"வந்துடுச்சு அண்ணி! 'உங்களுக்குப் பொருத்தமான வேலைகள்'. முதல்ல என்ன போட்டிருக்கான்... கிரேன் ஆப்பரேட்டர்."

"உங்க அண்ணனைத் தினம் காலைல படுக்கையிலேர்ந்து தூக்குறேனே, கிரேன் என்ன பெரிய விஷயம்? அடுத்தது சொல்லு."

"நீச்சல் பயிற்சியாளர்."

"தண்ணியில இறக்கிவிட யாராவது இருந்தா போறேன்."

3.

இந்த நாத்தனார் விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடம். கதைக்குக் கொஞ்சம் காரம் வேண்டாமா என்று அவளை வில்லியாக்கத்தான் திட்டம் போட்டேன். அண்ணி அனுப்பும் விண்ணப்பங்களை அவள் ரகசியமாக அழிக்கிறாள் என்று ஒரு பத்தியே எழுதிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், அவள் அண்ணியைப் போட்டோ எடுக்கச் சுவரோரம் நிறுத்திவைத்து, "சிரிங்க அண்ணி, இதைப் பாத்தா போலீஸ் தேடுற ஆள் மாதிரி இருக்கு" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். பத்தியைத் தூக்கிக் கடாசினேன். நல்லவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.*

* இதற்காக என்னைத் திட்டப்போகிறவர்களுக்கு: உங்களுக்கும் உங்கள் நாத்தனாருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் நான் என்ன செய்ய?

4.

திங்கட்கிழமை ஓர் அழைப்பு வந்தது. வீட்டிலிருந்தே விவரங்களைத் தட்டச்சு செய்யும் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

அண்ணியின் கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. "ராஜ வேலை! வாசல்படி தாண்ட வேண்டாம், எவன் மூஞ்சியையும் பாக்க வேண்டாம்."

"யாரும் என்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்களா?"

"ஒருத்தர்கூடக் கேக்க மாட்டாங்க!" என்றான், ஏதோ பரிசு விழுந்ததுபோல.

அண்ணியின் முகம் வாடிவிட்டது. எனக்கும் சுருக்கென்றது. பயந்துபோய் வருகிற ஒரு மனிதர் அவளிடம் எதையாவது கேட்க வேண்டும், அவள் சொல்வதைக் கேட்டுக் கொஞ்சம் தெளிந்து போக வேண்டும். அவள் ஆசைப்படுவது அவ்வளவுதான். அது இல்லாமல் அவள் நாளெல்லாம் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்காருவாள்?

அன்று மாலையே நாத்தனார் இன்னொன்றைத் தோண்டி எடுத்தாள். ஒரு கால்நடை மருத்துவமனை. வரவேற்புக்கு ஆள் தேவை. 'கோபமாக வருபவரை எப்படிச் சமாளிப்பீர்கள்?' என்ற கேள்விக்குக் கேமராவைப் பார்த்துப் பேசி அனுப்ப வேண்டும்.

"முதல்ல ஒத்திகை பாத்துக்குவோம் அண்ணி" என்று நாத்தனார் சிவப்புப் பட்டனைத் தட்டினாள். ஒரு தலையணையைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கத்தினாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறேன்! என் செல்லத்துக்கு மூச்சு வாங்குது! இங்க கேக்க நாதியில்லையா?"

"முதல்ல நீங்க மூச்சு விடுங்கம்மா. செல்லம் என்ன சாப்பிட்டுச்சு?"

"செருப்பு!"

"ஒண்ணா, ரெண்டுமா?"

"ரெண்டும்!"

"அப்ப ஒத்தைச் செருப்பை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு உங்களுக்குக் கவலை இல்லை. இப்படி வாங்க, வயித்தைப் பாக்கச் சொல்லுவோம்."

அந்த நேரம் பார்த்து அண்ணியின் கணவன் இடுப்புத் துண்டோடு பின்னால் வந்து, "என் நீலச் சட்டையைப் பாத்தியா?" என்றான்.

அண்ணி திரும்பக்கூட இல்லை. "பதட்டப்படாதீங்க சார். கடைசியா எங்க விட்டீங்க?"

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் திரையில், 'உங்கள் பதில் அனுப்பப்பட்டது. நன்றி.'

அந்தத் தளத்தில் ஒத்திகை என்று ஒன்று கிடையாது.

"போச்சு அண்ணி! அண்ணன் துண்டோட போயிருக்காரு!"

5.

(இங்கே அண்ணி தேம்பித் தேம்பி அழுகிற காட்சி ஒன்று இருந்தது. அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. மூக்கைச் சிந்தியது நாத்தனார்தான்.)

"என்னாலதான் எல்லாம் கெட்டுது."

"விடுடி. எவ்வளவு நாளாச்சு நான் இப்படிப் பேசி! வாய்க்கே உயிர் வந்த மாதிரி இருக்கு."

வியாழக்கிழமை போன் வந்தது. பேசியது கால்நடை மருத்துவர். "உங்க வீடியோவை நாங்க எல்லாரும் உக்காந்து பாத்தோம். நாளைக்குக் காலைல நேர்ல வர முடியுமா? அப்புறம், அவருக்குச் சட்டை கிடைச்சுதா?"

என்னிடம் முடிவுகள் தயாராக இருந்தன. ஒன்று, அவளுக்கு வேலை கிடைக்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். கொஞ்சம் சினிமாத்தனம். இரண்டு, வேலையை நாத்தனாருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இலக்கியத்தரம், ஆனால் வயிறு எரியும். மூன்று, அண்ணி வீட்டுக்கு வந்து தட்டச்சு வேலைக்குச் சம்மதம் —

இதை எழுதினால் அந்த நாத்தனார் என்னைத் தேடி வந்து அடிப்பாள்.

6.

வெள்ளிக்கிழமை காலை. மருத்துவமனைக் கூடத்தில் ஒரே களேபரம். மேசையில் ஆள் இல்லை. பூனைக்கூடையைப் பார்த்து ஒரு பெரிய நாய் உறுமுகிறது. நான்தான் முதலில் வந்தேன், நீயா முதலில் வந்தாய் என்று இரண்டு பேர் மல்லுக்கு நிற்கிறார்கள். ஒரு கிழவர் ஆமை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விழிக்கிறார்.

அண்ணியும் நாத்தனாரும் ஓரமாக உட்கார்ந்தார்கள். அண்ணியின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"அண்ணி, நாம நேர்காணலுக்கு வந்திருக்கோம். சும்மா இருங்க."

"சும்மாத்தாண்டி இருக்கேன்" என்றபடி எழுந்துவிட்டாள்.

"ஐயா, ஆமைக்கு என்ன?" என்று ஆரம்பித்தாள். பூனைக்கூடையை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்தாள். நாயின் சொந்தக்காரரை வெளி வராந்தாவுக்கு அனுப்பினாள். சண்டைக்காரர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, ஒருவர் பிராணியைப் பற்றி இன்னொருவரை விசாரிக்கச் சொன்னாள். மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த வீடியோ அம்மா வந்தாச்சா?" என்று எட்டிப் பார்த்தபோது கூடம் அமைதியாக இருந்தது.

"ஆமையை முதல்ல அனுப்பறேன் டாக்டர். காலையிலேர்ந்து தலையை வெளியே நீட்டலையாம்."

மருத்துவர் அவளைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். "அனுப்புங்க" என்று உள்ளே போய்விட்டார்.

இதுதான் சமயம் என்று முடிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் கூடத்துக்குள் நுழைந்து அண்ணியின் முன்னால் போய் நின்றேன்.

"சொல்லுங்க சார், உங்களுக்கு என்ன?"

"கதைக்கு முடிவு சொல்லணும்."

"அவசரமா?"

யோசித்துப் பார்த்தேன். "அவசரமில்லை."

"அப்ப அந்தக் கிளிக்கு அப்புறம் வாங்க."

உட்கார்ந்திருக்கிறேன். கிளி என் காதுப் பக்கமே பார்க்கிறது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். தலை சுற்றல்கூட வரவில்லை, ஆச்சரியம்தான். வேலை கிடைத்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால், என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வந்து அவளிடமே கேளுங்கள். கேட்டால் அவளுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கும்.