அக்காவுக்கு விட்ட இடம்

பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களை யார் பார்க்கிறார்கள்? பாட்டு நன்றாயிருந்தால் பாடகிக்குக் கைதட்டுவார்கள், நன்றாயில்லை என்றால் மைக்கைத் திட்டுவார்கள். பேஸ் தடித்த கீழ்க்குரலில் தேமேயென்று அடியில் ஓடிக்கொண்டிருக்கும். அக்கா முன்னால் நின்று பாட, தங்கை அவள் முதுகுக்குப் பின்னால் பதினாறு வருஷம் அப்படித்தான் ஓட்டினாள். அக்காவின் பின்கழுத்து மச்சம்கூட அவளுக்கு மனப்பாடம்.

நாலு மாசத்துக்கு முன்னால் தங்கை வாயைத் திறந்தாள். பேஸை முன்னால் வைத்து, கூட ஒரே ஒரு டிரம்ஸோடு, பாட்டே இல்லாமல் ஒரு கச்சேரி செய்யப் போகிறேன் என்றாள். அக்கா சிரிக்கக்கூட இல்லை. "பாட்டில்லாம சும்மா உறுமிக்கிட்டே இருந்தா யாருடி உக்காந்து கேப்பா?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான். அப்புறம் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு, கண்டும் காணாமல் போனார்கள். என்ன வீம்போ!

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சைக்கிள் கடைக்கு மேலேயிருந்த நீள அறையில். டிரம்மர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். தினமும் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டோ என்னவோ, டிரம்ஸை அடிக்க மாட்டார், கம்பி பிரஷ்ஷால் தடவுவார். ஒத்திகையில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். மூன்றாவதாக வாசிப்பதில் ஓர் இடம் வந்தால் தங்கையின் கை தானாகத் தணிந்துவிடுகிறது, எட்டுத் தாளச் சுற்றுக்கு ஆளே இல்லாத மாதிரி. பழைய பாட்டுகளில் அப்படிப்பட்ட இடத்தில்தான் அக்கா பாட ஆரம்பிப்பாள். வழி விட்டு விட்டே பழகின விரல். அங்கே எதையாவது போட்டு நிரப்பு, இல்லாவிட்டால் மானம் போகும் என்று அவர் சொல்ல, இவளும் மண்டையை மண்டையை ஆட்டினாள்.

முதல் இரண்டும் கனவு மாதிரி போயின. ஜன்னல் திரை வழியாக மஞ்சள் வெயில் வந்து தரையில் படுத்திருந்தது. யாருடைய தம்ளரிலோ தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. கீழே கடையில் தொங்கின மணி ஒன்று, அவள் தடித்த கம்பியைத் தொடும்போதெல்லாம் லேசாக ரீங்கரித்தது. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் பதித்துக்கொண்டார். அறையே மெதுவாக மிதக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றாவது ஆரம்பித்ததும் அக்கா உள்ளே வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தங்கை அவளைப் பார்த்துவிட்டாள். அந்த இடம் வந்தது. விரல் தணிவதாவது, ஒரேயடியாக நின்றேவிட்டது. நிரப்ப வைத்திருந்தது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. டிரம்மர், பாவம், தடவிக்கொண்டே இருந்தார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. அக்கா சொன்னதுதான் சரி, எழுந்து போய்விடலாம் என்று தங்கை நினைத்தாள்.

அப்போது ஒரு மூச்சு கேட்டது. பாடப் போகிறவள் உள்ளே இழுக்கிற மூச்சு. பதினாறு வருஷமும் தங்கை தாளத்தை எண்ணிப் பார்த்து விரல் வைத்ததில்லை, அந்த மூச்சைக் கேட்டுத்தான் வைத்தாள். கடைசி வரிசையில் அக்காவின் வாய் திறந்திருந்தது. பாடிவிடப் போகிறாள், எல்லாம் போச்சு. அக்கா சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் மூச்சுதான் கேட்டாயிற்றே, விரல் சும்மா இருக்குமா? தானாக விழுந்தது. குரல் வர வேண்டிய இடம் முழுக்க பேஸ் மட்டும் நடந்தது, ஒத்திகையில் வாசிக்காத எதையோ வாசித்துக்கொண்டு, தண்ணீருக்கடியில் நடக்கிற மாதிரி அவசரமில்லாமல். எட்டுச் சுற்று முடிந்தும் அவள் நிறுத்தவில்லை. அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு அதுவரை வந்ததே கிடையாது.

கூட்டம் கலைந்தபின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவளிடம் அக்கா வந்தாள்.

"அந்த இடம் எனக்கு விட்டதா?"

"வேணும்னு விடலக்கா. கை பழகிடுச்சு."

"எல்லாப் பாட்டுலயும் இப்படித்தான் விட்டியா?"

"எல்லாத்துலயும்."

அக்கா கிட்டாரின் தடித்த கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியவே தெரியாதுடி. நான்பாட்டுக்குப் பாடிக்கிட்டே இருந்துட்டேன்," என்று சொல்லி அழுதாள்.