மேலே நைனா, கீழே நம்பர்

படைப்பாற்றல் உள்ளவர்கள் தேவை என்றுதான் விளம்பரத்தில் போட்டிருந்தது. கேளம்பாக்கத்தில் மனை விற்கும் உலகநாதனுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா என்று லதா யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அம்மணிக்குத் தன் மூளைமேல் அவ்வளவு நம்பிக்கை.

ஃப்ளெக்ஸ் பேனர் தெருவுக்குத் தெரு முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. டிசைன் படித்த லதா, போன இடத்திலெல்லாம் சொன்னதை விட்டுவிட்டுத் தனக்குத் தோன்றியதைச் செய்து வெறுங்கையோடு திரும்பியவள். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் அப்பா சுப்புராமன் கறாராகச் சொல்லிவிட்டார்: "இதுவும் போச்சுன்னா பேசாம பி.எட். சேர்ந்துடு." சாக்பீஸும் கையுமாக ஆயுசைக் கழிக்க அவள் தயாராக இல்லை.

வந்தவர்களுக்குப் பரீட்சை ஒரு பேனர்தான். உலகநாதன் வாயாலேயே சொன்னார்: "எங்க நைனா போட்டோ மேல, மாலையோட. அவரு போயி ரொம்ப வருசமாவுது. ஆனா அவரு மொகம் இல்லாம நான் ஒரு மனை வித்ததில்ல. கீழ என் செல் நம்பரு, பெருசா. நடுவுல உங்க கற்பனைய காட்டுங்க."

நைனாவாம், மாலையாம். செத்தவரா வந்து மனை விற்கப்போகிறார்? லதா மணல்வெளியில் ஒரு சின்ன வீடு வரைந்தாள். ஜன்னலில் விளக்கு, கொடியில் காயும் ஒரு பள்ளிக்கூடச் சட்டை. நம்பரை எறும்பு மாதிரி ஓரத்தில் ஒட்டினாள். நைனாவுக்கு இடமே இல்லை.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் அதே வேலைக்கு வந்திருந்த கூடுவாஞ்சேரி மோகன் நேர் எதிர். காதில் விழுந்ததையெல்லாம் ஓர் எழுத்து விடாமல் அடித்துவைத்திருந்தான். மேலே நைனா, கீழே நம்பர், நடுவில் கொட்டை எழுத்தில் 'உங்க கற்பனைய காட்டுங்க'. மகா புத்திசாலி.

உலகநாதன் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "பேஜாரு புடிச்ச ஆளா கீறியே. ஆனா நைனாவ மறக்கல நீ." லதாவின் திரைக்கு வந்ததும் அவர் முகம் கறுத்தது. "இன்னாம்மா இது? எங்கப்பன் எங்க?"

லதாவுக்குக் கண்முன்னே கரும்பலகை வந்து நின்றது. "இன்னொரு தடவ பண்ணித் தர்றேன் சார்" என்றாள்.

நைனாவை ஏற்றினாள். மாலை போட்டாள். நம்பரைப் பூசணிக்காய் அளவுக்கு ஊதினாள். வீடு மட்டும் நடுவில் அப்படியே இருந்தது. பெரியவர் மேலிருந்து அதையே பார்ப்பதுபோல் அமைந்துவிட்டது. சொன்னதும் செய்தாயிற்று, தன் கைவரிசையும் இருக்கிறது. லதாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

உலகநாதன் நெடுநேரம் பார்த்தார். கண்கூடக் கலங்கியது. "நைனா நிம்மதியா கீறாரு. நாளைக்கே வேலைக்கு வந்துடும்மா." பிறகு வீட்டின்மேல் விரலை வைத்தார். "இத மட்டும் தூக்கிடு. நான் செல்லுல பேசினு கீற போட்டோ ஒண்ணு கீது. அத இங்க போடு."

"ஆகட்டும் சார்" என்றாள் லதா.

முதலில் விளக்கை அழித்தாள், பிறகு ஜன்னலை, கடைசியாக அந்தச் சட்டையை. துளி மிச்சம் வைக்கவில்லை. அழிப்பதில் அவள் கை அத்தனை நேர்த்தி.