குளிர்மாதத்தில் ஓடிய பல்லிகள்

1

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருட்டு. அக்காவின் கணவரை, அதாவது என் அத்தானை, ஒரு கதையில் போட்டுவிடும் ஆசையில் நோட்டும் கையுமாக அவர் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அத்தான் பிரிட்ஜ் மெக்கானிக். எங்காவது பாம்பு புகுந்தது என்று போன் வந்தால், கழற்றிய பிரிட்ஜை அப்படியே விட்டுவிட்டுப் பாம்பு பிடிக்க ஓடிவிடுவார்.

2

தொடக்கங்கள்:

‘பாம்பென்றால் படையும் நடுங்கும்; ஆனால் அத்தானோ—’ வேண்டாம். ஊரே எழுதியாகிவிட்டது.

‘பயமே அறியாத அவர்—’ சுத்தப் பொய். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலியில் ஏறுகிற ஆள்.

மூன்றாவது, பாம்பு என்று போன் வந்து நாங்கள் போன அச்சகத்திலேயே நின்று நோட்டில் எழுதியது: ‘குளிர்மாதத்துக் காலை, மணி ஆறு. அச்சகத்தின் பின்சுவரில் நான்கு பல்லிகள் பூச்சிகளைத் துரத்தி ஓடின.’

இது பிடித்திருந்தது. (என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். இதை மறக்காதீர்கள்.)

3

அச்சகத்தில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு விரியன் சுருண்டு கிடந்தது. முதலாளியம்மா மேசைமேல் நின்றிருந்தார்.

“அத்தான், பாம்புக் கொக்கி எடுக்கலையா?”

“இந்த மாசத்துல எதுக்குப்பா? பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெளிய என்னவோ அதான் உள்ளயும். இப்ப பிரீசர்ல வெச்ச மாதிரி கெடக்கும். வெயில் ஏறுறதுக்குள்ள கையாலயே அள்ளிடலாம்.”

பதினோரு வருஷமாகக் குளிர்மாதக் காலைகளில் அப்படித்தான் அள்ளினார். பாம்பின் கால் பாம்பறியும். பாம்பின் சூட்டை எங்கள் அத்தான் அறிவார் என்று நானே பெருமை பேசியிருக்கிறேன்.

கையை நீட்டினார். ‘நீட்டினார்’ என்று நான் எழுதி முடிப்பதற்குள் அது கடித்துவிட்டது. அத்தான் ஏதோ கணக்குத் தப்பிவிட்ட மாதிரி கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

4

உயிர் தப்பியது. வலதுகையில் இரண்டு விரல்கள் போயின.

“நீ கூடத்தானடா நின்னே? என்னத்தப் பாத்துட்டிருந்தே?” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

சுவரை, என்று நான் சொல்லவில்லை. அப்போது எனக்கே அது முக்கியமாகத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் அத்தானே பேசினார்.

“காலண்டரப் பாத்து ஏமாந்துட்டேன்பா. அந்த ராத்திரி குளிரவே இல்ல, நான்தான் கவனிக்கல. இப்பல்லாம் குளிர்மாசம் பேருக்குத்தான். ஒரு பல்லி கண்ணுல பட்டிருந்தாக்கூட உஷாராயிருப்பேன். குளிர்னா அது டியூப்லைட்டுக்குப் பின்னாடி ஒண்டிக்கும். பல்லி ஓடுச்சுன்னா பாம்பும் ஓடும். நான் குனிஞ்சே நின்னேன், சுவரப் பாக்கல. நீ பாத்தியா?”

நான்கு பல்லிகள். எண்ணியே எழுதியிருக்கிறேன்! அழகுக்காக எழுதிய வரி. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த விரல்கள் இருந்திருக்கும்.

“இல்ல அத்தான்” என்றேன்.

5

முடிவுகள்:

(அ) பல்லிகளை அடித்துவிடுவது. ஒரே ஒரு கோடு, யாருக்கும் தெரியாது.

(ஆ) பூமியே சூடாகிறது, பாம்பும் பல்லியும் மாறிவிட்டன, தனி மனிதன் நான் என்ன செய்ய, என்று கட்டுரையாக முடிப்பது. உண்மைதான். ஆனால் அவ்வளவு பெரிய உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்வது கேவலம்.

(இ) அக்காவிடம் சொல்வது. ‘அக்கா, அன்னைக்கு நான் சுவர்ல—’

முடியவில்லை.

6

வாசகரே, வாசகரே என்று இத்தனை வருஷம் எழுதிவிட்டேன். என் முதல் வாசகர் எப்போதும் ஒருவர்தான். எதை எழுதினாலும் அத்தான்தான் முதலில் படித்துப் பென்சிலால் திருத்துவார்.

இந்தக் காகிதங்களை அவர் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே வந்து நிற்கிறேன். எதையும் அடிக்கவில்லை. கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதி காலியாக இருக்கிறது. உள்ளே அவர் ஒவ்வொரு தாளாகத் தடுமாறிப் புரட்டுகிற சத்தம் கேட்கிறது.

பென்சிலை அவருடைய இடதுகைப் பக்கம் வைத்திருக்கிறேன்.