லாக்கரில் இருந்த சென்சார்

போலோக்வானே ஆய்வகத்திலிருந்து மூன்றாம் முறையும் அதே முடிவுதான் வந்தது. எங்கள் குறைமாதக் குழந்தைகள் வார்டில் அந்தப் பூஞ்சை இன்னும் இருக்கிறது. ஒரே மாதத்தில் இரண்டு குழந்தைகளின் இரத்தத்தில் ஏறி, இரண்டையும் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருப்பவர்களில் ரொம்ப நோஞ்சான், முலாலோ என்ற தாயின் மகன். எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம். இவனையாவது வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ரொட்டியில் பூக்கும் பூஞ்சை போலக் கண்ணுக்குத் தெரிந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். இது தெரியாது. கட்டில் கம்பியில் வாரக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. நாங்கள் இத்தனை வருஷம் நம்பிய வாசனைக் கிருமிநாசினி அதைக் குளிப்பாட்டியதோடு சரி. குளோரின் கொல்லும், அதுவும் பத்து நிமிடம் ஈரம் காயாமல் இருந்தால். துப்புரவு பார்க்கும் நியாட்ஸானி அக்கா, குழந்தைகள் படுக்கும் கண்ணாடிப் பெட்டி, தராசு, குழாய் என்று ஒன்றுவிடாமல் தேய்த்து, கைத்தோல் உரிந்து நின்றாள்.

“இனி கூரையக் கழட்டித்தான் கழுவணும், லிவுவானி சிஸ்டர். ஏணி இருந்தா குடுங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முலாலோவின் மகன் காலில் காலையில் நான் சுற்றிய சென்சாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவன் மூச்சு நின்றால் மெஷினைக் கத்த வைப்பது அதுதான். அக்கா குனிந்து பார்த்தாள்.

“இத நான் கழுவவே இல்லையே. எங்கேர்ந்து வந்துச்சு?”

“என் லாக்கர்லேர்ந்து.”

எங்கள் ஆஸ்பத்திரியில் நல்ல பொருளை மேசையில் வைத்தால் மதியத்துக்குள் கால் முளைத்து வேறு வார்டுக்குப் போய்விடும். ஒழுங்காக வேலை செய்யும் ஒரே சென்சாரைக் கம்பளிக் குல்லாயில் சுருட்டி ஒளித்து வைத்திருந்தேன். பஞ்சுக்குச்சியோடு சோதிக்க வந்தவர்களுக்கும் காட்டவில்லை. அவர்களும் வேறு கட்டடத்து ஆட்கள்தானே.

“இதுக்கு முன்னாடி யார் கால்ல இருந்துச்சு?”

இருப்பதிலேயே பலவீனமான குழந்தைக்குத்தான் அதை எடுப்பேன். முதலில் அந்தப் பெண் குழந்தை. அப்புறம் அந்தப் பையன். இரண்டும் இப்போது இல்லை.

சென்சாரைக் கழற்றினேன். துணிப்பட்டையைக் குப்பையில் போட்டு, மிச்சத்தைக் குளோரின் நனைத்த துணியில் சுற்றினேன். மெஷின் திரை இருண்டது.

“பத்து நிமிஷம்,” என்றாள் அக்கா. “ஒரு நொடி குறைச்சுடாதீங்க.”

கையைக் கழுவி, புதுக் கையுறை போட்டு, அவன் நெஞ்சில் விரலை வைத்தேன். ஏறியது, இறங்கியது. முலாலோ கிண்ணத்தில் பாலோடு வந்தாள்.

“சிஸ்டர், அவன் கால்ல ஏன் செவந்திருக்கு?”

பட்டை அழுத்திய தடம்; பூஞ்சையும் அதில் ஒட்டியிருக்கலாம். தேய்த்துவிட அவள் கை உள்ளே நீண்டது.

“தொடாதே!”

நான் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

“கை கழுவிட்டுத்தான் வந்தேன் சிஸ்டர். நான் என்ன தப்பு பண்ணேன்?”

“நீ இல்லம்மா, நான்...” என்று ஆரம்பித்தேன். என் விரலுக்கடியில் நெஞ்சு இறங்கியது. ஏறவில்லை. மூச்சைத் தூண்ட உள்ளங்காலைச் சுண்டினேன். மறுபடியும் சுண்டினேன். முலாலோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.