முதற் பரிசு: பத்துப் பேர்ச்சஸ் காணி

தன்னுடைய காணி சீட்டிழுப்பில் போகப்போகிறது என்ற சங்கதியை, மீன் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் சந்தியில் கட்டியிருந்த பெனரைப் பார்த்துத்தான் இலட்சுமிப்பிள்ளை அறிந்துகொண்டாள்.

பெனரில் அவளுடைய புருஷன் கனகசிங்கம் கைகூப்பியபடி ஆறடி உயரத்துக்கு நின்றார். பட்டுவேட்டி, சால்வை, கழுத்தில் மாலை. முழங்காலுக்குக் கீழே சின்னதாக ஒரு தென்னை மரம். அதற்கும் கீழே எழுத்து: ‘பிரேத ஊர்தி வாங்குவதற்கான மாபெரும் நிதியுதவிச் சீட்டிழுப்பு. முதற் பரிசு: வாவிக்கரையோரம் பத்துப் பேர்ச்சஸ் காணி. பெறுமதி முப்பது இலட்சம். உவந்தளிப்பவர்: மரண உதவிச் சங்கத் தலைவர், சமூகஜோதி கனகசிங்கம். வெற்றி நிச்சயம்!’

அந்தத் தென்னை மரத்தை அவளுக்குத் தெரியும். அதன் அடியில் நின்றுதான் அவளுடைய அம்மா காணி உறுதிப் பத்திரத்தை அவள் கையில் கொடுத்தாள். இந்தக் கரையில் வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறவை. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வருவான். கனகசிங்கமும் அப்படித்தான் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் ஒரு சூட்கேசோடு வந்தார். சூட்கேஸ் எப்போதோ பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது. வந்தவர் சங்கத் தலைவராகி, பிறகு தனக்குத் தானே சமூகஜோதியும் ஆகிவிட்டார்.

ஒரு வீட்டுக்கு அளவான அந்தக் காணி மகள் மேனுகாவுக்கென்று வைத்திருந்தது. ஆவணியில் அவளுக்கும் நிலோஜனுக்கும் கலியாணம். வீடு கட்ட அத்திவாரம் வெட்டியாகிவிட்டது. அந்தக் குழிக்குள் இப்போது இலட்சுமிப்பிள்ளையைத் தூக்கிப் போட்டதுபோல இருந்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற ஆட்களை அவள் கண்டிருக்கிறாள். தேங்காயோடு சேர்த்துத் தோப்பையும் உடைக்கிறவரை இன்றைக்குத்தான் காண்கிறாள்.

வீட்டில் கனகசிங்கம் சோற்றுக்குக் காத்திருந்தார்.

“இஞ்சருங்க, சந்தியில போட்டிருக்கிற காணி ஆர்ட?”

“நம்மட காணிதான்.”

“நம்மட எண்டா ஆர்ட?”

“உன்ட எண்டா என்ன, என்ட எண்டா என்னகா? செத்த சனத்துக்குச் செய்யிற காரியம். புண்ணியம் உனக்கும்தான்.”

“எனக்குப் புண்ணியம் வேணாம். புள்ளைக்கு வீடு வேணும்.”

கனகசிங்கம் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “விசரி. காணி வெளியால போகாது. டோகாவில இருக்கிற என்ட அக்காட மகன்ட பேரில ஒரு சீட்டு எழுதியாச்சு. பெட்டிக்குள்ள கைய விடுறது நம்மட உபதலைவர். அந்தச் சீட்டு அவர்ட விரலுக்கு இடையில முதலே இருக்கும். பிறகு மருமகன் காணிய நமக்கே எழுதித் தருவான்.”

“தராட்டி?”

“அவன் என்ட அக்காட மகன்கா!”

“அதாலதான் கேக்கிறன்.”

சங்கத்துக்கு இந்த வித்தை புதிதல்ல. போன சீட்டிழுப்பில் முதற் பரிசு பெரிய ஃபிரிஜ். அது கனடாவில் இருக்கும் யாரோ ஒருவருக்கு விழுந்தது. பெயர் ஒருவருக்கும் ஞாபகமில்லை. உரியவர் வந்து எடுக்கும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று உபதலைவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்று வருஷமாக அது அங்கே பத்திரமாக ஐஸ் கட்டுகிறது. ஊருக்கு இது தெரியும். தெரிந்தும் சீட்டு வாங்கினார்கள். நாளைக்குச் சாவு வீட்டில் பந்தலும் கதிரையும் இதே ஆட்களிடம்தானே கேட்க வேண்டும்?

அன்று பின்னேரமே நிலோஜன் வீட்டாரிடமிருந்து சொல் வந்துவிட்டது. காணி சீட்டிழுப்பில் போவதென்றால் கலியாணத்தையும் யோசிக்கத்தான் வேணுமாம். மேனுகா அழவில்லை. அத்திவாரம் வெட்டியவர்களுக்கு போன் எடுத்து வேலையை நிறுத்தச் சொன்னாள்.

மூன்றாம் நாள் பிரதேச செயலகத்திலிருந்து ஷாகிரா வந்தாள். சீட்டிழுப்புகளுக்கு அனுமதி கொடுக்கும் பகுதி அவளுடையது. சட்டத்துக்காக உயிரையும் கொடுப்பாள், ஆனால் மூன்று பிரதியில் எழுதிக் கேட்க வேண்டும். ஸ்கூட்டியைச் சந்தியில் நிறுத்தி, கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, எழுத்தின் உயரம் அளந்தாள். கனகசிங்கத்தின் உயரத்தையும் அளந்தாள். பிறகு சங்க மண்டபத்துக்கு வந்து நிர்வாகத்தைக் கூட்டச் சொன்னாள். பரிசுக் காணியின் சொந்தக்காரரும் வர வேண்டும் என்றாள். இலட்சுமிப்பிள்ளை உடுத்திருந்த சீலையோடேயே போனாள்.

“இந்த பெனர இப்பிடிப் போடேலா ஐயா,” என்று ஷாகிரா தொடங்கினாள். “அனுமதி கிடைக்க முந்தியே கட்டியிரிக்கீங்க. அனுமதி இலக்கம் இல்ல, சீட்டு விலை இல்ல. ‘வெற்றி நிச்சயம்’ எண்டு வேற போட்டிரிக்கீங்க. பத்தாயிரம் சீட்டு வித்தா பத்தாயிரம் பேருக்கும் காணி குடுப்பீங்களா?”

“அது ஒரு அழகுக்கு மிஸ்.”

“அழகுக்குப் பொய் சொல்லேலா. அடுத்தது, விளம்பரத்தில பரிசு தெளிவாத் தெரியணும். இதுல பரிச விட ஆள் பெரிசா இரிக்கிறார்.”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்பது எல்லாருக்கும் விளங்கியது.

“காணி உறுதி இலட்சுமிப்பிள்ளை எண்ட பேரில இரிக்கி,” ஷாகிரா கோப்பைத் திறந்தாள். “சீட்டு விக்க முந்தி அத சங்கத்தின்ட பேருக்கு மாத்தணும். அம்மா விரும்பினா இதில ஒப்பம் வைங்க. விருப்பம் இல்லாட்டி வைக்காதீங்க.”

கனகசிங்கம் பேனாவை நீட்டினார். நிர்வாகத்தார் பதினொரு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒப்பம் வைக்காவிட்டால் புருஷனின் மானம் இந்த மண்டபத்திலேயே போகும். வைத்தால் மகளின் வீடு போகும். மானத்தையாவது அடுத்த கூட்டத்தில் திரும்பக் கட்டலாம். இலட்சுமிப்பிள்ளை பேனாவை வாங்கி மேசையில் வைத்தாள்.

“மிஸ், எனக்கு ஒண்டு விளங்கயில்ல. டோகாவில இருக்கிற இவர்ட மருமகனுக்குத்தான் காணி விழும் எண்டு இவர் சொன்னவர். குலுக்க முதலே ஆருக்கு விழும் எண்டு சொல்றது சட்டத்துக்குச் சரியா?”

கேள்வி தன்னை நோக்கித் திரும்பிவிடுமோ என்று உபதலைவர் இரண்டு கைகளையும் மேசைக்கடியில் மறைத்துக்கொண்டார்.

ஷாகிரா தன் பேனாவை மூடிக் கோப்பின்மேல் வைத்தாள். எழுதாத ஷாகிராவைக் கண்டு அங்கிருந்தவர்களுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

“நிர்வாகத்தில இரிக்கிறவங்களும் அவங்கட குடும்பத்து ஆக்களும் பரிசு எடுக்கேலா,” என்றாள். “இது நிபந்தனை ஏழு. தலைவர் ஐயா, இந்தக் கதைய நான் கேட்டதா எழுதட்டா, கேக்கல்ல எண்டு வெச்சிக்கொள்ளட்டா?”

“பகிடிக்குச் சொன்ன மிஸ்,” என்றார் கனகசிங்கம். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்குக்கு வந்திருந்தது. “வீட்டில பகிடிக்குச் சொன்ன.”

“அப்ப சரி. சீட்ட வெளியூர்ப் பாடசாலை அதிபர் ஒருத்தர் எடுப்பார். சட்டைக் கைய மடிச்சிட்டு எடுப்பார். பரிசு ஏழு நாளைக்கி சந்தியில சனத்துக்கு முன்னால இரிக்கணும். அன்பளிப்பு எண்டா குடுக்கிறவர்ட சொந்தப் பொருளா இரிக்கணும். ஐயாட பேரில என்ன இரிக்கி?”

இந்தக் கேள்விக்கு ஊரே யோசித்தது. வீடு மனைவியுடையது. வயல் மனைவியுடையது. தாய் வீட்டுச் சொத்து எப்போதோ அக்காமாருக்குப் போய்விட்டது. சமூகஜோதிப் பட்டத்துக்குக்கூடப் பதிவு கிடையாது.

“ஒண்டு இருக்கு மிஸ்,” என்றாள் இலட்சுமிப்பிள்ளை. “வாசல்ல நிக்கிது.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மா மரத்து நிழலில் கனகசிங்கத்தின் மோட்டார் சைக்கிள் நின்றது. முன்தகட்டில் ‘தலைவர்’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதில் ஏறித்தான் அவர் சாவு வீடு, சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் ஆளுக்கு முதல் போய் முன்கதிரையைப் பிடிப்பார்.

“அதுவா?” என்றார் கனகசிங்கம்.

நிர்வாகத்தார் கைகளை உயர்த்திவிட்டார்கள். பதினொரு பேரும் ஒருமனதாக உயர்த்தியது அந்தச் சங்கத்தின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. வேறு எதையாவது பேசப்போனால் ஃபிரிஜ் கதை வந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த கிழமை புதிய பெனர் வந்தது. ஆறடிக்கு மோட்டார் சைக்கிள். மூலையில் முத்திரை அளவில் கனகசிங்கம். ‘முதற் பரிசு: பாவித்த மோட்டார் சைக்கிள். வயது பத்தொன்பது. பெறுமதி நாற்பத்தையாயிரம். மூன்றாம் உதைக்கு இயங்கும்.’ கடைசி வரி ஷாகிராவின் உத்தரவு. பரிசின் நிலைமையை மறைக்கக் கூடாதாம்.

வெட்கக்கேடு என்னவென்றால், சீட்டுகள் முன்பு ஒருநாளும் விற்காத மாதிரி விற்றன. முப்பது இலட்சக் காணியை நம்பாத சனம் நாற்பத்தையாயிரம் பெறுமதியான பழைய இரும்பை நம்பியது. வாவிக்கு அக்கரைப் படுவான்கரையிலிருந்துகூட ஆட்கள் வந்து, உதைத்துப் பார்த்துவிட்டு வாங்கினார்கள். சங்க வரலாற்றில் முதல் தடவையாக வென்ற ஆளும் நேரில் வந்தார். காத்தான்குடிப் புடவை வியாபாரி முகைதீன்பாவா, ‘தலைவர்’ எழுத்தைச் சுரண்டக்கூட மெனக்கெடாமல் வண்டியில் சாரத்துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். கனகசிங்கம் மேடையில் நின்று கைதட்டினார். தட்டத்தான் வேண்டியிருந்தது, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு அவர் நடந்து போனதைப் பார்க்க இலட்சுமிப்பிள்ளைக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. கொஞ்சம்தான்.

மறுநாளே அவள் மேனுகாவையும் நிலோஜனையும் கூட்டிக்கொண்டு நொத்தாரிசிடம் போனாள். உறுதியை மகளின் பெயருக்கு மாற்றி எழுதினாள். நிலோஜன் நல்ல பிள்ளை; காணி தப்பியதும் அவன் வீட்டாரும் யோசிப்பதை விட்டிருந்தார்கள். வரும் வழியில் தெருவோரத்துச் சனம் தனக்கு வணக்கம் வைத்துச் சிரிப்பதை அவன் கவனித்துக்கொண்டே வந்தான்.

“மாமி,” என்றான், தொண்டையைச் செருமி. “சங்கத்துக்குப் புதுத் தலைவர் எடுக்கப்போறாங்களாம். இளம் ஆக்கள் வரட்டாம். என்னைய நிக்கச் சொல்றாங்க.”

இலட்சுமிப்பிள்ளை வாயைத் திறக்குமுன் மேனுகா உறுதியை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினாள்.

“நில்லுங்க,” என்றாள். “உங்கட மோட்டார் சைக்கிள் உங்கட பேரிலதானே இருக்கு?”